ரோஸி எழுதிய செட் கணக்கு

ஓர் ஆட்டம் எப்படி முடியும் என்று முன்பே தெரிந்தவளுக்கு, அதைக் கடைசிவரை உட்கார்ந்து பார்க்க என்ன காரணம் இருக்க முடியும்? பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் ரோஸியைத் தெரிந்தவர்கள் ஏதாவது ஒரு நாள் இந்தக் கேள்வியில் வந்து முட்டியிருப்பார்கள். தெரிந்த முடிவுக்காக யாரும் நகம் கடிப்பதில்லை. ரோஸி கடித்தாள்.

அவளைப் பெரிய ஆட்டக்காரி என்று சொல்ல முடியாது. சாந்தோமில் படித்த காலத்தில் பள்ளியின் கைப்பந்து அணியில் செட்டர். அடிப்பவளுக்குத் தோதாகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். மாவட்ட அணிக்கு ஒரு வருடம் ஆடினாள். பத்தொன்பது வயதில் ஆரோக்கியராஜைக் கட்டிக்கொண்டாள். ஆட்டம் அதோடு நின்றது. அதற்காக அவள் குறைப்பட்டு யாரும் கேட்டதில்லை. இப்போது நாற்பத்தாறு வயது.

காலை வியாபாரம் ஓய்ந்ததும், பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட போனை ஐஸ் பெட்டிமேல் சாய்த்துவைத்து, வெளிநாட்டுப் பெண்கள் ஆடும் ஆட்டங்களைப் பார்ப்பாள். விரல் எப்போதும் ஈரம் என்பதால் திரையை முழங்கையால் தட்டுவாள். பந்தை ஓங்கி அடிப்பவர்களை அவள் கண்டுகொள்வதில்லை. சர்வீஸை முதலில் வாங்குகிறவளின் கைகளையும், அந்தப் பந்தைத் தேடி செட்டர் எத்தனை அடி ஓடுகிறாள் என்பதையும்தான் பார்ப்பாள்.

“செட்டரு நிக்கிற எடத்துக்குப் பந்து வரணும். வரலேன்னா அவதான் இன்னா பண்ணுவா, பாவம்” என்பாள்.

கடைக்கு எதிரே ஆண்களின் கைப்பந்து மன்றம். அதன் சுவரில் ஒரு கரும்பலகை. பெரிய ஆட்டம் எதுவானாலும் மன்றத்துக்காரர்கள் செட் கணக்கை ஊகித்து அதில் எழுதுவது வழக்கம். ஐந்தில் மூன்று செட் எடுத்தால் வெற்றி. ரோஸி கடையில் இருந்தபடியே தன் கணக்கைக் கத்திச் சொல்வாள். யாராவது ஓரத்தில் எழுதிவைப்பார்கள். பதினோரு ஆட்டங்களில் ஒன்பது அவள் சொன்னபடியே முடிந்திருந்தன.

மன்றத்துக்குப் பின்னால் மணல் மைதானம். பழைய மீன்வலையை அளவாக வெட்டி, மேல் விளிம்பில் வெள்ளைத் துணி தைத்து, அவர்களே செய்துகொண்ட நெட். பெண்கள் அங்கே ஆடக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. நேரந்தான் இல்லை. வாரத்தில் ஏழு மாலையும் ஆண்கள் ஆடினார்கள்.

பக்கத்துக் கடை கங்கம்மாவின் மகள் மேகலாதான் முதலில் கேட்டாள். வேளச்சேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். சனிக்கிழமை ஒரு மாலை போதும் என்றாள். மன்றச் செயலாளர் ஜான்சன் சிரித்தார்.

“லேடீஸுக்கு கேம் இன்னா தெரியும்மா? நெட்டு கட்றதுக்குள்ள இருட்டிடும்.”

ரோஸி கத்தியைக் கீழே வைத்தாள். “கேம் தெரியாதா? புதன்கிழம வியட்நாம் கூட நம்ம பொண்ணுங்க ஆடறாங்க இல்ல? செட் கணக்க கரெக்டா சொன்னா சனிக்கிழம குடுப்பியா?”

“குடுக்கறேன். தப்பாச்சுன்னா அப்பறம் கிரவுண்டு பேச்சே எடுக்கக்கூடாது. சரியா?”

அன்று மாலை அவள் முதல்முறையாக மன்றத்துக்குள் போய்த் தன் கையாலேயே எழுதினாள்: வியட்நாம் 3, இந்தியா 1. மேகலாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

“இன்னாக்கா, நம்மாளுங்களே தோக்கறாங்கன்னு எழுதிக்கினு?”

“பாத்தத எழுதனேன்” என்றாள் ரோஸி.

புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மன்றத்தின் டிவிக்கு முன்னால் ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பத்துப் பெண்கள். முதல் செட் வியட்நாமுக்கு. இரண்டாவது இந்தியாவுக்கு. மூன்றாவது மறுபடியும் வியட்நாமுக்கு. நான்காவதையும் வியட்நாம் எடுத்தால் ரோஸி எழுதியது சரி, சனிக்கிழமை பெண்களுக்கு. இந்தியா எடுத்துவிட்டால் மைதானம் போயிற்று.

அந்த நான்காவது செட்டில்தான் நம் பெண்கள் விழித்துக்கொண்டார்கள். பதினெட்டுக்கு இருபத்து மூன்று என்று கிடந்தவர்கள் ஒவ்வொன்றாக ஏறி இருபத்து நான்குக்கு இருபத்து நான்கு என்று வந்து நின்றார்கள். மேகலா எழுந்து கத்தினாள். கங்கம்மா அவள் சுடிதாரைப் பிடித்து இழுத்தாள்.

“வாய மூடுடீ! அவங்க தோத்தாதான் நமக்கு கிரவுண்டு!”

ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. ஜான்சன், “இன்னா கங்கம்மா, வியட்நாமுக்கு மாறிட்டியா?” என்றார்.

பெண்கள் எல்லோரும் ரோஸியைப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் கைதட்டுவது என்று அவள்தான் சொல்ல வேண்டும் என்பதுபோல. ரோஸி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். இந்தியாவின் செட்டர், பந்து கோணலாக வந்ததும் ஏழெட்டு அடி ஓடி, விழப்போகிற நிலையில் அதைத் தூக்கிக் கொடுத்தாள். ரோஸி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“அடிடீ! அடிடீ என் ராசாத்தி!”

அடிக்க வந்தவள் ஓங்கி அடித்தாள், புள்ளி கிடைத்தது. அப்புறம் பெண்கள் யாரும் உட்காரவில்லை. கங்கம்மாவே கத்தினாள். ஆனால் வியட்நாம் சமன் செய்து ஒரு புள்ளி முந்தியது. அடுத்த பந்தைத் தடுக்கக் குதித்த நம் பெண்ணின் கை நெட்டில் பட்டது. இருபத்தைந்துக்கு இருபத்தேழு. மூன்றுக்கு ஒன்று.

மைதானத்தை வென்ற பெண்களின் முகத்தில் வென்ற களை இல்லை. மேகலா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ஜான்சன் நேர்மையானவர்தான், நெட் சுருட்டி வைத்திருக்கும் மரப்பெட்டியின் சாவியை எடுத்து மேகலாவிடம் கொடுத்தார்.

சனிக்கிழமை நான்கு மணிக்குப் பத்துப் பேரும் வந்துவிட்டார்கள். நெட்டின் கயிற்றைக் கம்பத்தில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள் ரோஸி. ஜான்சன் சாக்பீஸோடு வந்தார்.

“ரோஸி, நாளைக்கு ஜப்பான். இதையும் கரெக்டா சொல்லிடு, ஞாயித்துக்கெழமயும் உங்களுக்கே எழுதிக் குடுத்துடறேன்.”

“போடீ, மூணுக்கு சைபர்னு எழுதிட்டு வா” என்றாள் கங்கம்மா. “பச்சக் கொழந்த கூட சொல்லும்.”

உண்மைதான். அன்று காலையில்தான் ரோஸி ஜப்பானின் முந்தைய இரண்டு ஆட்டங்களைப் பார்த்திருந்தாள். அவர்களின் செட்டர் ஓடவே இல்லை. நின்ற இடத்துக்குப் பந்து வந்துகொண்டிருந்தது. நம் பெண்களுக்கு ஒரு செட்கூடக் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

கயிற்றை முடிந்துவிட்டு மணலைக் கடந்து மன்றத்துக்குள் போனாள். சாக்பீஸை வாங்கி, நிதானமாக, பெரிய எழுத்தில் எழுதினாள்: இந்தியா 3, ஜப்பான் 2.

ஜான்சன் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “மாத்தி எழுதிட்டியா?”

“இல்ல. கரெக்டாதான் எழுதிக்கீறேன்.”

ஏன் என்று கங்கம்மா அப்போதே கேட்டாள். அதன் பிறகும் பல தடவை கேட்டாள். “நம்ம பொண்ணுங்க தோக்கணும்னு இன்னொரு தபா உக்காந்துகினு இருக்க முடியாது” என்பாள் ரோஸி. அன்று அவள் கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைப் புடவையில் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள். நெட்டுக்கு அருகில் போய் நின்று, முட்டியை லேசாக மடக்கி, இரண்டு கைகளையும் முகத்துக்கு மேலே உயர்த்தினாள்.

“மேகலா, பந்தப் போடு” என்றாள்.