பொன்னாடைகளுக்கிடையில் நசுங்கிய பிரபஞ்சம்

2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, புறப்பாடு பி.ப. 2.40
பயணக் குறிப்பு 17: வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு

என்னோடு ஒரே பாடசாலையில் கணிதம் கற்பித்த சேவியர் அன்றிரவு நிரந்தரமாகக் கனடாவுக்குப் புறப்படவிருந்தார். சுருங்கும் பிரபஞ்சம் நசுங்கியே தீரும், திரும்பி விரியாது என்பது அவருடைய நெடுநாள் வாதம். விரியும் என்பது என்னுடையது. அவர் வீட்டுக்கு அருகிலிருந்த மண்டபத்தில் நான்கு மணிக்கு இது பற்றியே எனது உரை. ஆறரைக்கு அவருடைய வான் வண்டி கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் புறப்படும். அதற்குள் அவருடைய முகத்துக்கு நேரே நிறுவியாக வேண்டும்.

ஞாயிறுகளில் கரையோர ரயிலை நம்பாதீர்கள். காலி வீதியில் பஸ் பிடித்துப் புறக்கோட்டையில் இறங்கினேன். அங்கிருந்து மூன்று கிலோமீற்றர் ஆட்டோவில், 400 ரூபாய். "ஐயா பிரசங்கத்துக்கோ?" என்றார் சாரதி. "இல்லை, சண்டைக்கு" என்றேன்.

நான்கு மணிக் கூட்டத்துக்குப் பிரதம விருந்தினர் ஐந்தரைக்கு வந்தார். பிறகு விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை. பிறகு பொன்னாடைகள்: விருந்தினருக்கு, தலைவருக்கு, ஒலிவாங்கி இரவல் கொடுத்த தலைவரின் மைத்துனருக்கு. வியர்வையில் நனைந்துகொண்டிருந்த எனக்கும் ஒன்று. கைதட்டலுக்கு வேறு எழுந்து நிற்க வேண்டுமாம்! ஒலிவாங்கி என் கைக்கு வந்தபோது மணி 6.20. ஈர்ப்பு விதியையே திருத்தினால் என்ன நிகழும் என்று தொடங்கியதுதான் தாமதம், தலைவர் காதருகே குனிந்தார்.

"மாஸ்டர், ரெண்டு நிமிஷத்தில முடியுங்கோ. சாப்பிட வைச்ச ரோல்ஸ் ஆறுது."

வெளியே வான் ஹோர்ன் அடித்தது. முன்வரிசையிலிருந்த சேவியர் எழுந்தார். பொன்னாடையைக் கதிரையில் எறிந்துவிட்டு நானும் அவர் பின்னால் சென்று வானில் ஏறினேன்.

"டேய், எங்க ஏறுறாய்?"

"கட்டுநாயக்காவுக்கு. மிச்சத்தைக் கேட்டிட்டுப் போ."

"அப்ப சூட்கேசுக்கு மேல இரு. இடமில்லை, மச்சான்."

சூட்கேசின் மேலிருந்தே விளக்கினேன். வழமையான ஈர்ப்பில், சாதாரணச் சடப்பொருளை மட்டும் கொண்டால், அவர் சொல்வது சரி. ஆனால் ஈர்ப்புச் சமன்பாட்டில் காலவெளியின் வளைவைச் சார்ந்த மேலதிக உறுப்புகளைச் சேர்த்தால், அடர்த்தி மிகும்போது அவை விலக்குவிசை போலச் செயற்படலாம். அப்போது சுருக்கம் பூச்சியத்தை எட்டுமுன் நின்று, விரிவாகத் திரும்பும். இது வெறும் மாதிரிதான். ஆகாயத்தில் எவரும் கண்டதில்லை என்பதையும் சொன்னேன்.

சேவியர் என் சமன்பாட்டுத் தாள்களை வாங்கி வரிவரியாகச் சரிபார்த்தார். விமான நிலைய வாசலில் அவற்றைத் திருப்பித் தந்தார்.

"ஓம், திரும்புது. ஒத்துக்கொள்ளுறன். ஆனா அந்த நேரத்தில அடர்த்தியில சின்னக் குழப்பம் ஒண்டு வந்தா? உன்ர புது உறுப்பு அதை அடக்குமோ, ஊதிப் பெருப்பிக்குமோ?"

நான் வாய் திறக்குமுன் அவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பயணிகள் அல்லாதோருக்கு அனுமதியில்லை. பிரதம விருந்தினர் தாமதித்த அந்த ஒன்றரை மணி நேரம் எனக்குக் கிடைத்திருந்தால் மண்டபத்திலேயே இதைக் கேட்டிருப்பார். கரும்பலகையில் இருவருமாகப் போட்டுப் பார்த்திருப்போம். இனி கனடாவில் அவர் உறங்கும் நேரத்தில் நான் விழித்திருப்பேன்.

இவ்வாறான கூட்டங்களுக்குச் செல்வோர் பேச்சாளருக்கான நேரத்தை முன்கூட்டியே எழுத்தில் பெறவும்.

இணைப்புகள்:
1. பஸ், ஆட்டோ வழி வரைபடம்.
2. எனது சமன்பாடுகள், நான்கு பக்கங்கள்.
3. சேவியரின் கேள்வி. விடை இணைக்கப்படவில்லை.