கெண்டைக்கு மேலே ஒரு பெரணி

ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் லுட்சினாவுக்கு வாய் சும்மா இருக்காது. டிக்கெட் வாங்கினவருக்கு நன்றி, சில்லறை நீட்டினவருக்கு நன்றி, வரிசையில் நின்று திட்டினவருக்கும் நன்றி. இருபது வருஷப் பழக்கம். அதுதான் அந்த அக்டோபரில் அவளைக் கவிழ்த்தது. மேல்வீட்டு ஒதிலியா தன் பெரணிச் செடியில் பாதியைப் பிரித்துத் தொட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். இவள் இரண்டு கையாலும் வாங்கி, நன்றி என்று சொல்லித் தொலைத்தாள்.

அவர்கள் ஊரான பியாவிஸ்தொக்கில் செடி கொடுத்தவருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. சொன்னால் செடி தங்காது.

"சொல்லிட்டியா? இனிமே அது உருப்பட்ட மாதிரிதான்" என்று ஒதிலியா படியேறிப் போய்விட்டாள்.

நவம்பரில், குளிருக்காக அறையைச் சூடாக்கும் ஹீட்டர் கொதிக்க ஆரம்பித்ததும் பெரணி நுனி கருகி, தரையெல்லாம் இலை உதிர்த்தது. லுட்சினா தண்ணீர் தெளித்தாள், ஹீட்டர்மேல் ஈரத்துண்டு விரித்தாள், செடியை அலமாரிக்கு மாற்றினாள். ஒன்றுக்கும் அது மசியவில்லை. கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஒதிலியா வருவாள். தனிக்கட்டை, பதினோரு வருஷமாக அன்றைய சாப்பாடு இவள் வீட்டில்தான். வந்து பார்த்தால் சொல்லிக்காட்டியே தீர்த்துவிடுவாள். ஆனால் லுட்சினாவின் மனசு அடித்துக்கொண்டதற்கு அது மட்டும் காரணமில்லை. ஆசையாகக் கொடுத்ததை அல்லவா கொன்றுகொண்டிருக்கிறாள்!

கடையில் மீன் வந்த அன்றே வாங்காவிட்டால் அப்புறம் கிடைக்காது என்று, கணவன் தாதெக் விருந்துக்கான கெண்டையை இரண்டு வாரம் முன்னாலேயே உயிரோடு தூக்கிவந்தான். எல்லா வீட்டையும் போல அது குளியல் தொட்டியில் நீந்தியது. ஹீட்டர் இல்லாத, எப்போதும் ஈரமான அந்த அறையைப் பார்த்ததும் லுட்சினாவுக்குப் பொறி தட்டியது. தொட்டியின் குறுக்கே பலகை போட்டுப் பெரணியை வைத்தாள். மீனுக்குத் தண்ணீர் மாற்றும்போதெல்லாம் பழைய தண்ணீரில் ஒரு குவளை செடிக்கு. பத்தாம் நாள், சுருட்டிய பச்சைத் தளிர்கள் நாலு தலைதூக்கின. அவள் தாதெக்கைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டாள். பாவம், மீன் வந்ததிலிருந்து குளிக்க இடமில்லாமல் அவன் தினமும் துண்டும் சோப்புமாக ஒதிலியா வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தான். அங்கே எதையோ பார்த்துவிட்டு வந்து, அதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

விருந்தன்று சாயங்காலம், வழக்கப்படி முதல் நட்சத்திரம் தெரிந்ததும் ஒதிலியா சாப்பிட வந்தாள். கை கழுவப் போனவள் திரும்பவே இல்லை. லுட்சினா போய்ப் பார்த்தால், மீன் சமையலுக்குப் போய்க் காலியான தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து பெரணியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீ நன்றி சொல்லியும் இது பிழைச்சிருக்கு. நான் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லல, என்னுது ஹீட்டர் பக்கத்துல காஞ்சு போச்சு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு தாதெக்கிட்ட சத்தியம் வாங்கினேன்."

லுட்சினா ரொட்டிக் கத்தியை எடுத்துவந்தாள். வேரோடு சரிபாதியாக அறுத்து, அகப்பட்ட பாத்திரத்தில் ஒரு பாதியை மண்ணோடு அமுக்கி ஒதிலியாவின் மடியில் வைத்தாள். ஒதிலியாவுக்குக் கண் நிறைந்து, உதடு அசைந்தது. லுட்சினா பாய்ந்து மேஜையிலிருந்து ஒரு காளான் கொழுக்கட்டையை எடுத்துவந்து அந்த வாயில் திணித்தாள்.

"பேசாம தின்னுங்க."