முகம் திருப்பும் மரியாதை

நான் தங்கியிருக்கும் விடுதிக்கு அருகே ஒரு கோப்பிக் கடை இருக்கிறது. டீக்கடையையும் சாப்பாட்டுக் கடையையும் சேர்த்துச் சிங்கப்பூரில் அப்படித்தான் சொல்வார்கள். ஞாயிறு மாலைகளில் அங்கே ஒரு வயதான சீனரும் அவர் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து பீர் குடிப்பார்கள். மகன் ஊற்ற அப்பா குடிப்பார், பிறகு அப்பா ஊற்ற மகன் குடிப்பான். பேச்சு அதிகம் இருக்காது. சாலையோர மரங்களைக் கவாத்து செய்யும் வேலைக்கு நான் இங்கே வந்து பதினான்கு வருடமாகிறது. எத்தனையோ பழகிவிட்டது, இது மட்டும் பழகவில்லை. அவர்களைக் கண்டால் டீயை வாங்கிக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்கிறேன்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஒயின்ஷாப் பாரில் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. அப்பனோ சித்தப்பனோ தாய்மாமனோ உள்ளே வந்தால், சின்னவன் டம்ளரை அப்படியே வைத்துவிட்டுக் குனிந்தபடி பின்வாசல் வழியாகப் போய்விட வேண்டும். அவன் போகும்வரை பெரியவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு வீட்டில் அதைப் பற்றி இருவரும் வாய் திறக்கக் கூடாது. எவ்வளவு குடிகாரனும் இதில் மட்டும் பிசகியதில்லை.

பிசகியவன் அந்தோணி. என் கூட்டாளி ராயப்பனின் மகன். நானும் ராயப்பனும் ஐந்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு. நான் அதோடு நின்றுவிட்டேன், அவன் மேலே படித்தான். இப்போது வத்தலக்குண்டு பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன்பு, மகன் விரும்பிய பெண்ணை வேண்டாம் என்று சொன்ன வாரத்தில், ராயப்பன் அந்த பாரில் உட்கார்ந்திருந்தான். அந்தோணி உள்ளே வந்தான். அப்பனைப் பார்த்த பிறகும் திரும்பவில்லை. எதிரிலேயே உட்கார்ந்து, அப்பன் கண்ணைப் பார்த்தபடி குடித்தான். ராயப்பன் எழுந்து அத்தனை பேர் முன்னாலும் அவனை அறைந்தான்.

கொஞ்ச நாளில் அந்தோணி சிங்கப்பூருக்கு வந்துவிட்டான். அம்மாவிடம் மட்டும் பேசுவான். ஓட்டல் வேலை என்பான், எந்த ஓட்டல் என்று சொல்ல மாட்டான். நான் அப்பன் கட்சி என்று என் போனையும் எடுப்பதில்லை. போன வருடம் அவன் அம்மாவுக்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். கறுப்பு ஏப்ரன் கட்டியிருந்தான். அவனுக்குப் பின்னால் வரிசையாகப் பாட்டில்கள், கண்ணாடிக்கு வெளியே ஆறு. அந்தப் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டுதான் ராயப்பன் சுற்றுலா விசாவில் ஐந்து நாளைக்கு வந்து இறங்கினான்.

“ஒரே ஒரு வார்த்தைதேன் சவரி,” என்றான் என்னிடம். “அன்னைக்கு நான் கை நீட்டிருக்கக் கூடாதுன்னு அவன்ட்டச் சொல்லணும். சொல்லிட்டு வந்த வழியே போயிருவேன்.” அம்மா வழியாகச் சொல்லி அனுப்பலாமே என்று கேட்டதற்கு, அடித்தது அவளில்லையே என்றான்.

எனக்கு வேலை முடிய நேரமாகிவிடும் என்பதால் அவனுடைய கடைசி இரவுதான் வாய்த்தது. ஆற்றங்கரை முழுக்க காக்டெயில் பார்கள். உள்ளே போனால் எதுவும் வாங்காமல் நின்று தேட முடியாது. முதல் பாரில் ஒரு வெள்ளைக்காரப் பையன் நீளமாக ஏதோ கேட்டான். எனக்கு ‘அங்கிள்’ மட்டும்தான் புரிந்தது. நான் தலையாட்டினேன். இன்னொன்று கேட்டான், அதற்கும் தலையாட்டினேன். பச்சைக் கொப்பு செருகிய இரண்டு கிளாஸ் வந்தது. நாள் முழுக்க நான் வெட்டி எறிகிற மாதிரிக் கொப்பு. “என்னடா, ஒனக்கு இங்கயும் வேலை குடுக்குறான்,” என்றான் ராயப்பன். இரண்டாவது பாரில் கிளாஸைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துப் புகை போட்டுக் கொண்டுவந்தார்கள். “சாம்பிராணி போடுறான். இன்னும் செத்த நேரம் இருந்தா பூசையே வச்சிருவான் போல,” என்றான். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரம் வந்த காரியமே மறந்துவிட்டது.

மூன்றாவது பாரில் அந்தோணி இருந்தான். போட்டோவில் இருந்த அதே ஏப்ரன். தகரக் குவளையைத் தோளுக்கு மேலே தூக்கிக் குலுக்கிக்கொண்டிருந்தான். கதவைத் திறந்த எங்களைப் பார்த்ததும் அவன் கை நின்றது. ராயப்பனைப் பார்த்தேன். அவன் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. வேண்டுமென்று திருப்பவில்லை. நாற்பது வருடப் பழக்கம், கழுத்து தானாகப் போய்விட்டது. நான் அந்தோணியைக் கூப்பிட்டிருக்கலாம். மெல்லிய பாட்டு ஓடிக்கொண்டிருந்த அந்த இடத்தில், அத்தனை வெளியூர் முகங்களுக்கு நடுவே, சத்தமாக ஒரு பெயரைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை இப்போது நினைத்தாலும் என்னை நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மறுபடி பார்த்தபோது கவுண்டரில் ஒரு பிலிப்பினோ பெண் நின்று, பாதியில் விட்டிருந்த குவளையைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். அந்தோணி எங்கே என்று கேட்டேன். “பிரேக், அங்கிள்,” என்று சிரித்தாள். உட்கார்ந்து காத்திருந்தோம். கிளாஸில் ஐஸ் கரைந்தது. கேட்கும்போதெல்லாம் பிரேக் என்றாள். கடைசியில், தலைவலி என்று ரூமுக்குப் போய்விட்டதாகச் சொன்னாள். பின்பக்கம் ஒரு கதவு இருந்தது.

“நாந்தேன் மொதல்ல திரும்புனேன், இல்ல?” என்றான் ராயப்பன். “அன்னைக்கு அடிச்சுச் சொல்லிக் குடுத்தேன். இன்னைக்கு ஒழுங்கா எந்திரிச்சுப் போயிட்டான். நல்ல பய.” அவன் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் ரூம் எங்கே என்று விசாரிப்போமா என்றேன். “வேண்டாம்டா. மறைஞ்சு நின்னு புடிச்ச மாதிரி ஆயிரும்,” என்று எழுந்துவிட்டான். காலை விமானத்தில் ஊருக்குப் போனான்.

இப்போது வாரா வாரம் போன் செய்கிறான். தேங்காய் விலை, மழை எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், “போனியா?” என்பான். போகிறேன். எங்கள் லாரி காலையில் அந்த வழியாகத்தான் போகும். அப்போது பார் பூட்டியிருக்கும். திறந்திருக்கும் நேரத்தில் போனால், வாசலிலிருந்து கவுண்டருக்குப் பத்தடிதான். ராயப்பனின் வார்த்தையை நானே சொல்லிவிடலாம். ஆனால் அந்தோணிக்கு நான் சித்தப்பா முறை. நான் உள்ளே போனால் அவன் வெளியே போக வேண்டியிருக்கும். அதனால் இரவில் போனாலும் ஆற்றுப் பாலத்தின் இந்தப் பக்கமே நின்றுகொள்கிறேன். ஆற்றுக்கு அந்தக் கரையில், வெளிச்சமான கண்ணாடிக்குள்ளே அவன் குலுக்குவதும் ஊற்றுவதும் தெரிகிறது. எப்போதாவது அவன் தலை நிமிர்ந்தால், நான் தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறேன்.