தலையாரி சடையாண்டிக்கு ஒரு சிலை

சீதாலட்சுமிக்கு அந்த வருடம் எழுத்தே கசந்துபோயிருந்தது. நாயக்கர் காலத்து மதுரையில் நடக்கும் கொலை, களவுகளை வைத்து இருபது வருடங்களாக நாவல் எழுதிவந்தார். எல்லாவற்றிலும் துப்புத் துலக்குகிறவன் ஒருவனே: தலையாரி சடையாண்டி, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கும் ஊர்க்காவல்காரன். டெலிபோன் ஆபீஸ் வேலை முடிந்து காளவாசலில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு சாயங்காலம் அவர் மனசில் தோன்றியவன். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர் தமிழில் என்ன எழுதிவிடப் போகிறார் என்று உதட்டைப் பிதுக்கிய பதிப்பாளரே பிறகு வருடத்துக்கு ஒன்று கேட்டு நச்சரித்தார். கழுத்து எலும்பு தேய்ந்தது. கண்ணில் புரை விழுந்தது. இந்த முறை ஒரு அத்தியாயத்துக்கு மேல் கை ஓடவில்லை.

அப்போதுதான் சமயநல்லூருக்கு அந்தப் பக்கம் உள்ள ஓர் ஊரிலிருந்து முத்துப்பாண்டி என்ற விவசாயி பழத்தட்டோடு வீட்டுக்கு வந்தார்.

"சடையாண்டி சாமிக்குச் சிலை வைக்கிறோம்மா. சாமி செத்த நாள் எதுன்னு சொன்னீங்கன்னா வருசா வருசம் படையல் போட்ருவோம்."

"அப்படி ஒரு ஆளே கெடையாதுங்க. நானா கட்டுன கதை."

"எங்க கம்மாக்கரை, மடை, அம்புட்டையும் எழுதிருக்கீங்களே?"

"பஸ்ல போறப்ப பாத்தேன். எழுதுனேன்."

"நீங்க பாத்தீங்க, சரி. காட்டுனது யாரு?"

சீதாலட்சுமி தொண்டை வறளும்வரை சொல்லிப் பார்த்தார். காபி கொண்டுவந்த கணவர் வெங்கடசுப்பிரமணியன், ஏதாவது ஒரு நாளைச் சொல்லி அனுப்பேன் என்று தங்கள் மொழியில் முணுமுணுத்தார். அந்தப் பொய் மட்டும் சீதாலட்சுமிக்கு வாயில் வரவில்லை. ஊர்க்காரர்களே ஒரு வைகாசி வெள்ளியைக் குறித்துக்கொண்டார்கள்.

விழாவுக்குக் கார் அனுப்பினார்கள். மறுக்கத் தெம்பில்லாமல் போனார். சிலைக்கு முறுக்கு மீசை, கையில் அரிவாள், இரண்டு கால்களும் தூண் மாதிரி. மாலை போடச் சொன்னார்கள், போட்டார்.

பாண்டீஸ்வரி என்ற பெண் சிலைமுன் அழுதுகொண்டிருந்தாள். பொங்கலுக்குப் பிறகு மகனிடமிருந்து போனே இல்லையாம்.

"சாமி கண்டுபிடிச்சுக் குடுத்துருமில்லம்மா?" என்று சீதாலட்சுமியிடம் கேட்டாள்.

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மகன் எங்கே வேலை பார்த்தான், கூட யார் தங்கியிருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. "போலீஸ்ல சொன்னியா?" சொல்லவில்லை. மறுநாள் கழுத்துப் பட்டையை மாட்டிக்கொண்டு அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். உட்காரவைத்தார்கள், நாளை வரச் சொன்னார்கள்; இருவரும் மறுபடி போனார்கள். கடைசியில் பையன் ஈரோட்டில் கிடைத்தான். வேலை போன வெட்கத்தில் நம்பரை மாற்றியிருந்தான்.

பாண்டீஸ்வரி சிலைக்குப் பொங்கல் வைத்தாள். ஒரு தூக்குவாளியில் இவருக்கும் வந்தது. "சாமிதான் உங்களை அனுப்புச்சு" என்றாள். சீதாலட்சுமி பொங்கலைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வாளியைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று பதிப்பாளர் போன் செய்தார். "அலுத்துப்போச்சுங்க. இனிமே எழுதல" என்றார் சீதாலட்சுமி. மறுமுனையில் அவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். சீதாலட்சுமி போனைக் கணவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தார்.