வளைவில் சொன்ன குழம்புகள்

என்னோடு பயிற்சி முடித்த நர்சுகளுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. பொழுது சாய்ந்தால் அதில் தட்டுகள் வர ஆரம்பிக்கும். சப்பாத்தி, குருமா, பக்கத்தில் வட்டமாக நறுக்கிய வெங்காயம். ஒருத்தி கொத்தமல்லித் தழையைத் தூவிவிட்டுத்தான் படமே எடுப்பாள். நானும் ஒருமுறை கத்திரிக்காய் காராமணிக் குழம்பைப் படம் பிடித்துப் போட்டேன். கட்டைவிரல்களாக வந்து விழுந்தன. ஒருத்தியாவது புளி எவ்வளவு கரைத்தாய் என்று கேட்டாளா? இல்லை. படத்தில் காரம் தெரியுமா, உப்பு தெரியுமா? அன்றோடு விட்டுவிட்டேன். இன்னொருத்தர் என்ன சாப்பிட்டார் என்பதை வாயால் கேட்க வேண்டும், காதால் வாங்க வேண்டும். மற்றதெல்லாம் ஓட்டல் விளம்பரம்.

இந்தப் பிடிவாதம் அம்மாவிடமிருந்து வந்தது. எனக்குக் கல்வராயன் மலையில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் வேலை, அதை ஒட்டிய குவார்ட்டர்ஸில் தனியாக வாசம். அம்மா கீழே தியாகதுருகத்தில் தம்பி வீட்டில் இருந்தாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்ற கதையை இங்கே சொல்லப்போவதில்லை. அம்மா ஒருநாளும் என்னை நல்லா இருக்கியா என்று கேட்டதில்லை. “நல்லாருக்கேன்னுதான சொல்லப்போற, அத ஒருதரம் கேக்கணுமா?” என்பாள். போனை எடுத்ததும் அவளிடமிருந்து வருவது ஒரே கேள்விதான்.

“இன்னாடி கொழம்பு?”

அதுதான் அவளுடைய ஸ்டெதஸ்கோப். முட்டைத் தொக்கு என்று சொன்னால் சம்பளம் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். தயிர் சோறு என்றால், “எவகூட சண்ட?” என்பாள். சொல்லிவைத்ததுபோல அன்றைக்கு யாரோடாவது சண்டை போட்டிருப்பேன். அடுத்தடுத்து இரண்டு நாள் ரசம் என்றால் எனக்கு உடம்பு சரியில்லை. நானும் அவளை அப்படித்தான் கணக்குப் பண்ணுவேன். பழைய குழம்பைச் சுட வைத்தேன் என்றால் முட்டிவலி. கருவாட்டுக் குழம்பு என்றால் தம்பி பெண்டாட்டி ஊருக்குப் போயிருக்கிறாள், அடுப்பு இவள் கைக்கு வந்திருக்கிறது.

குவார்ட்டர்ஸில் சிக்னல் கிடையாது. ரோட்டில் கொஞ்சம் மேலே ஏறினால் ஒரு பலாமரத்து வளைவு. அங்கே நின்றால் எதிர்ச்சரிவில் இருக்கும் டவர் தெரியும், போனில் கோடுகளும் தெரியும். சாயங்காலம் பெண்கள் எல்லாரும் அந்த வளைவுக்கு வந்துவிடுவார்கள். புருஷன்மார் கேரளாவில் மிளகுத் தோட்டத்திலோ, திருப்பூரிலோ, பெங்களூரில் கட்டட வேலையிலோ இருப்பார்கள். இருட்டினால் கரடி வரும் என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும். ஒருத்தி பள்ளத்தைப் பார்த்து நிற்பாள், ஒருத்தி மரத்தைப் பார்த்து நிற்பாள். எல்லார் முதுகும் எல்லாருக்கும் தெரியும். அத்தனை போனிலும் அந்தப் பக்கத்திலிருந்து கேட்பது என் அம்மா கேட்டதேதான். கொள்ளு, மொச்சை, மரவள்ளிக்கிழங்கு, சாமைச் சோறு, கீரை என்று அந்த வளைவில் ஊர்ப்பட்ட சாப்பாடு காற்றில் போய்க்கொண்டிருக்கும்.

வளைவுக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் போட்டதில்லை, யாரும் மீறியதும் இல்லை. காதில் விழுந்ததை அங்கேயே விட்டுவிட்டு இறங்க வேண்டும். ஒரு பெண் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். அவளுடைய பிரசவங்களுக்கு நான்தான் அவளை வண்டி ஏற்றிக் கீழே கொண்டுபோனேன். வீட்டில் களியும் புளித்தண்ணியும்தான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்த நாளில், கேரளாவிலிருக்கும் புருஷனிடம், “கோழி அடிச்சேன், கொழந்தைங்க நல்லா துன்னுதுங்க” என்று சொல்வாள். பக்கத்தில் நிற்பவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அவனும் அங்கே மீன் என்று சொல்லியிருப்பான். அது என்ன மீனோ யார் கண்டது.

போன மாசியில் ஒரு மத்தியானம் அம்மா உட்கார்ந்த வாக்கிலேயே போய்விட்டாள். மலையிலிருந்து இந்தப் பெண்ணும் இன்னும் சிலரும் பஸ் ஏறி வந்து மாலை போட்டுவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினார்கள். கருமாதி முடிந்து நான் மலைக்கு வந்தேன். சாயங்காலம் கால்கள் அதுபாட்டுக்கு வளைவுக்கு ஏறிவிட்டன. ஏறிய பிறகுதான் சங்கடம் தெரிந்தது. அந்த இடத்தில் காதில் போன் இல்லாமல் நிற்பவள் ஒட்டுக் கேட்க வந்தவள் ஆகிவிடுவாள். திரும்பி இறங்கவும் மனம் வரவில்லை, கீழே குவார்ட்டர்ஸில் என்ன இருக்கிறது, சுவரும் பல்லியும்தான். அம்மா நம்பரைப் போட்டேன்.

அம்மாவின் போனைத் தம்பி அணைத்து பீரோவில் வைத்திருந்தான். நீங்கள் அழைத்த எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் தமிழில் சொல்லி, பிறகு இங்கிலீஷில் சொல்லும். அவள் பேசி முடிப்பதற்குள் நான், “மா, கீர கடஞ்சேன், வத்தல் வறுத்துகினேன்” என்று சொல்லிவிடுவேன். தினமும் சொன்னேன். சொல்வதற்காகவே சமைத்தேன் என்றுகூடச் சொல்லலாம். சொல்ல ஆள் இல்லாவிட்டால் தனியாக இருப்பவள் எதற்கு வெங்காயம் உரிப்பாள்? சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் என் அம்மாவுக்கு மாலை போட்டவர்கள். யாரும் திரும்பவில்லை. வளைவின் சட்டம் எனக்கும் இருந்தது.

மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் ஒருநாள் டவர் செத்துப்போயிற்று. கரண்ட் இல்லை, ஜெனரேட்டருக்கு டீசல் வரவில்லை என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது தெரியாது. முந்தின நாளிலிருந்தே உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தாமதமாகத்தான் ஏறினேன். பெண்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றிருந்தார்கள். இன்னும் அழைப்பு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். வழக்கம்போல நம்பரைப் போட்டுக் காதில் வைத்தேன். அந்தக் குரல் வரவில்லை. வராததையும் நான் கவனிக்கவில்லை.

“மா, ரசந்தான். மொளவு ரசம். அப்பளம் சுட்டுகினேன்.”

வேறு யாரும் பேசாததால் என் ரசம் ஊருக்கே கேட்டது. அப்போதுதான் பார்த்தேன், ஒருத்தி காதிலும் போன் இல்லை. ஒருத்தி போனைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே கையை நிறுத்தியிருந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. அணைந்த போனில் பேசுவதற்காவது ஒரு சாக்கு இருந்தது. செத்த டவரில் செத்தவளோடு பேசுவதற்கு என்ன சாக்கு இருக்கிறது?

கோழி அடித்ததாகச் சொல்கிற அந்தப் பெண் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். தன் போனைக் காதில் வைத்தாள். பள்ளத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“நேத்தும் ரசம், இன்னிக்கும் ரசமா? ஒடம்பு இன்னா பண்ணுது உனுக்கு?”

அதுவரை அவள் என்னை நீ என்று சொன்னதே இல்லை. வாங்க, போங்க, நர்சம்மா, அவ்வளவுதான். என் வாய் தானாகப் பதில் சொன்னது.

“காய்ச்சலு அடிக்குதுமா.”

“ஊருக்கே மாத்திர குடுக்கற. நீ போட்டியா?”

“போடல.”

“போட்டுகினு படு. நாளிக்கி ஒழுங்கா கொழம்பு வெய்யி.”

பிறகு போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பி, “டவரே இல்லீங்க நர்சம்மா, இருட்டறதுக்குள்ள எறங்குங்க” என்றாள். நான் இறங்கினேன். வழியெல்லாம் அழுதேன். அம்மா செத்த வீட்டில்கூட அப்படி அழவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டுதான் படுத்தேன்.

மறுநாள் டவர் வந்துவிட்டது. எல்லார் போனும் அடித்தது, எல்லார் முதுகும் பழையபடி திரும்பிக்கொண்டது. அவள், “காய்ச்சலு வுட்டுச்சாங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் புருஷனோடு பேசப் போய்விட்டாள். அன்றைக்கு நான் மொச்சைக் குழம்பு வைத்திருந்தேன், ஒழுங்காக. எப்படிச் சொல்வது? என்னை இன்னா கொழம்புன்னு கேளு என்று ஒருத்தியிடம் போய் நிற்க முடியுமா? கேட்டு வாங்குவதற்கு அது என்ன ரேஷன் அரிசியா? நம்பரைப் போட்டு, பீரோவுக்குள் இருக்கிற போனிடம் மொச்சையைச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

அதற்குப் பிறகு ஒரு கெட்ட ஆசை எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. டவர் இன்னொரு தடவை போக வேண்டும். அத்தனை பெண்களின் புருஷன் குரலும் அந்த டவர் வழியாகத்தான் வருகிறது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் வேண்டிக்கொண்டேன்.

ஒருநாள் டவர் போயிற்று. காலையிலிருந்து மழை, காற்று. மத்தியானமே டவர் போய்விட்டது என்று ஊசி போட்டுக்கொள்ள வந்தவர்கள் சொன்னார்கள். நான் சந்தைக் கருவாட்டை எடுத்து வெந்நீரில் அலசி, கத்திரிக்காயும் முருங்கைக்காயும் போட்டு, அம்மா வைக்கிற பக்குவத்தில் கொதிக்கவிட்டேன். அடுப்பை அணைத்த கையோடு குடையை எடுத்துக்கொண்டு ஏறினேன். என்ன சொல்ல வேண்டும் என்பதுகூட மனதில் தயாராக இருந்தது.

வளைவில் யாருமே இல்லை. பலாமரம் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. டவர் இல்லை என்று முன்னாலேயே தெரிந்த நாளில், அதுவும் மழையில், யார் ஏறி வருவார்கள்? அவர்கள் பேச வேண்டியவர்கள் டவர் இருந்தால்தான் பேசுவார்கள். டவர் இல்லாத நாளில் அங்கே வருவதற்குக் காரணம் உள்ளவள் நான் ஒருத்திதான். இது ஏறுவதற்கு முன்னால் என் மண்டையில் ஏறவில்லை.

வெளிச்சம் போகும்வரை நின்றேன். நம்பரைப் போடவில்லை. பிறகு இறங்கி வந்து, புடவையை மாற்றிக்கொண்டு, ஆறிப்போன குழம்பைச் சுட வைத்துச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் வந்திருந்தது. உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி.