கையேட்டிலிருந்து நீக்கப்பட்ட ஒரு வரி

இன்று காலை பாகாலா ஸ்டேஷனைத் தாண்டியபோது மலைகள் பனியில் மிதந்துகொண்டிருந்தன. ரயில் ஓடுகிறதா, மலைகள் நகர்கின்றனவா என்று தெரியவில்லை.

திருப்பதியில் இறங்கியும் அந்த மயக்கம் கலையவில்லை. எங்கள் அலுவலகத்தின் எதிரே உள்ள விடுதி வாசலில், மொட்டைத் தலைகளில் சந்தனம் மின்ன, ஒரு குடும்பம் பெட்டிகள்மேல் அமர்ந்திருந்தது.

"ரூம் புக் பண்ணிட்டுத்தான் வந்தோம் சார். இப்ப பேரே இல்லன்றாங்க. புள்ளைங்க நின்னுக்கினே தூங்குதுங்க" என்றார் அந்தத் தந்தை.

அலுவலகத்தில் விசாரித்தபோது தெரிந்தது, பதிவை அழித்தது எங்கள் மென்பொருள். ஒரு மென்பொருள் இன்னொன்றுக்குக் கட்டளையிடும் ஏபிஐ இணைப்புகளை ஒவ்வொன்றாக இயக்கிச் சோதிக்க, தானாகவே வேலை செய்யும் ஏஐ ஏஜெண்டுகள் பயன்படுத்தும் கருவி அது. பதிவுகளை நீக்கும் இணைப்பையும் இயக்கிப் பார்க்கும். அதன் கையேட்டை எழுதியவன் நான். விடுதியின் ஏஐ ஏஜெண்ட் அதைப் படித்து, அப்படியே செய்திருக்கிறது.

டீம் லீட் ஹரி கேட்டார்: "நிஜ புக்கிங் இருக்கற லைவ் சர்வர்ல ஓட்டாதேன்னு ஒரு வரி போட்டிருக்கலாமே சார்?"

"முதல் வரியே அதுதான். நீங்கதான் எடுத்தீங்க."

"ஏஜெண்ட்தானே படிக்கப் போவுது, அதுக்கு எதுக்கு சார் பயம் காட்டணும்னுதான்..."

நான் குரலை உயர்த்தவில்லை. அந்த வரியை மீண்டும் சேர்த்தேன். பின்பு எங்கள் மீட்டிங் அறையைத் திறந்து அந்தக் குடும்பத்தைப் படுக்கவைத்தேன்.

இப்போது வெள்ளைப் பலகையின் கீழே நான்கு சந்தனத் தலைகள் உறங்குகின்றன. ஹரி தமது மீட்டிங்குக்காக லேப்டாப்போடு வெளியே நிற்கிறார். கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: "உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள்."

இந்த வரியாவது அவசியமா, இல்லையா என்று நண்பர்கள் சொல்லலாம்.