நாய் கிளறிய வயல்

புருஷன் செத்தபோது உட்கார்ந்து அழச் செல்லக்கிளிக்கு நேரமில்லை. வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள், நாற்று முற்றிக்கொண்டிருந்தது. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே திருஞானசம்பந்தம் பிள்ளையின் வயலை அன்றிலிருந்து அவள்தான், விளைச்சலில் அவருக்குப் பங்கு அளக்கும் வாரத்துக்குப் பயிரிட்டாள். போன இரண்டு பூவிலும், இரண்டு போகத்திலும், கதிரெல்லாம் பதர்.

"இந்தப் பூவும் இப்படியே போச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கிடுவேன்" என்று சொல்லிவிட்டார் பிள்ளை.

கோனாரைக் கூப்பிட்டு வயலுக்கு எருவாக ஆட்டுக்கிடை போட அவளுக்கு வக்கில்லை.

வைகாசியில் சுடலைமாடன் கோயில் கொடை முடிந்த மறுநாள் எலும்பு வியாபாரி வன்னியராஜ் வண்டியோடு வந்து, வெட்டின கிடாக்களின் எலும்பைப் பொறுக்கினான். தூத்துக்குடியில் கப்பலேறும் சரக்கு அது.

"இத வாங்கி என்னலே செய்யுதான் வெள்ளைக்காரன்?" என்று கேட்டாள் செல்லக்கிளி.

"அவன் ஊர் வயலுக்குப் போடுதானாம், மதினி."

"கிடா தின்னது நம்மூருப் புல்லு. வெளையுதது அவன் ஊர்லயா? எறக்கி வச்சுட்டுப் போ. எனக்கு வேணும்."

"பேய் பிடிச்சிருக்கா ஒனக்கு?"

"பிடிச்சாப் பிடிச்சுட்டுப் போகுது. நீ எறக்கு."

பெட்டி பெட்டியாகச் சுமந்து, அப்படியே சேற்றில் மிதித்துப் புதைத்து, கார் பருவத்து நாற்றை நட்டாள். அங்கேதான் புத்தி கெட்டுப்போனது. கறிவாசம் போகாத எலும்பு. தண்ணீர் வடிந்த அன்று ஊர் நாயெல்லாம் வயலில் இறங்கி, பாதி நாற்றைப் பிடுங்கிப் போட்டிருந்தது.

"செல்லக்கிளி நாய்க்குப் பந்தி வச்சிருக்கா" என்று வரப்பில் நின்று சிரித்தார்கள்.

நாயையும் ஊரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே எலும்பைத் தோண்டி எடுத்தாள். உமி மூட்டத்தில் வெளுக்கச் சுட்டு, பழைய உரலில் இடித்து வயலில் தூவினாள். அடுத்த வயல்காரியிடம் மிச்ச நாற்றை இரந்து வாங்கி, கிளறிய இடத்தில் திரும்ப நட்டாள்.

அறுப்புக்குப் பிள்ளை வந்தார். கதிர் தலை சாய்ந்து நின்றது. சந்தோஷத்தில் வரப்பைவிட்டு வயலுக்குள் இறங்கினார். காலில் ஏதோ குத்தியது.

"இது என்னது, ஏளா?"

"எலும்பு."

பிள்ளை வரப்பில் ஏறிவிட்டார். "சிவ சிவா. இந்த நெல்லு என் வீட்டுப் படி ஏறாது."

"அப்ப வாரம் வேண்டாம்னு சொல்லுதிய. நல்லதாப் போச்சு. எல்லாத்தையும் நானே கொண்டு போறேன்."

பிள்ளை காலைப் பார்த்தார். கதிரைப் பார்த்தார்.

"களத்துல அளந்து வை. குளிச்சிட்டு வாரேன்."

"அடுத்த பூவுக்கு?"

"நீயே போடு. எலும்பை மட்டும் நல்லா இடிச்சுத் தொலை."